கிளிமூக்கின் வியாபாரம்

மல்கோவாவுக்கும் இமாம்பசந்துக்கும் கிடைக்கிற மரியாதை பெங்களூரா மாம்பழத்துக்குக் கிடைத்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்களே கிளிமூக்கு மாங்காய், அதேதான். பழுத்தால் இனிப்பு சுமார். விருந்தாளிக்கு யாரும் நறுக்கி வைப்பதில்லை. ஆனால் கிருஷ்ணகிரியிலும் ஆந்திரத்துச் சித்தூரிலும் மாங்கூழ் ஆலைகள் ஓடுவது பெரும்பாலும் இதை நம்பித்தான்.

காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. தோல் தடிப்பு, சதை கெட்டி. லாரியில் குவித்து அனுப்பினாலும் சீக்கிரம் நசுங்காது. காய்ப்பும் அதிகம். ஆலையில் கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடேற்றிக் கிருமி போக்கி, காற்றுப் புகாத பைகளில் அடைத்துப் பீப்பாய்க்குள் இறக்குகிறார்கள். குளிர்பதனம் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். சவூதி அரேபியா, நெதர்லாந்து என்று கப்பலேறி அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. மிச்சம் உள்ளூரில் பாட்டில் பானம். பறிப்பவர், சுமப்பவர், லாரிக்காரர், ஆலையில் பழம் பிரிக்கும் பெண்கள் என எத்தனை பேருக்குக் கோடைக்காலக் கூலி!

விலைதான் இழுபறி. மகசூல் கூடினால் ஆலைக்காரர் விலையைக் குறைக்கிறார். பறிகூலிக்கே கட்டாமல் மரத்திலேயே விடுகிறவர்களும் உண்டு. 2025 கோடையில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும் என்று சொல்லி, மேலே 4 ரூபாய் மானியமும் அறிவித்தது ஆந்திர அரசு.