வெண்ணெயின் பதம்

கப்கேக்கைக் கையில் வாங்கியதும் பெரும்பாலோர் பார்ப்பது மேலே சுழித்திருக்கும் க்ரீமைத்தான். என் கண் அடியில் இருக்கும் காகிதக் கிண்ணத்துக்குப் போகும். ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தால் அது சுத்தமாகப் பிரிய வேண்டும். காகிதத்தின் உள்பக்கம் வெண்ணெய் ஊறிய பளபளப்பு தெரிய வேண்டும். கேக் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு வந்தால், நடுவில் வேக்காடு போதவில்லை. ஜெர்சி சிட்டியில் இருக்கும் என் தோழிக்கு இதில் உடன்பாடில்லை. வார இறுதிகளில் வீட்டிலேயே கேக் சுட்டுக் கைபழகியவள் அவள். “க்ரீம் சரியில்லன்னா கீழ என்ன இருந்து என்னடி?” என்பாள். நியூயார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கிய அன்று முழுக்க இந்த வழக்கு எங்களோடு நடந்து வந்தது.

பண்டம் பழையது. 1796-இல் வெளிவந்த அமீலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ நூலிலேயே சின்னக் கோப்பைகளில் சுடும் கேக்குக்குச் செய்முறை இருக்கிறது. ஆனால் மான்ஹாட்டனில் அதற்காக ஆட்கள் வரிசை கட்டி நின்றது இருநூறு ஆண்டுகள் கழித்து. அலிசா டோரியும் ஜெனிஃபர் ஆப்பெலும் 1996-இல், ப்ளீக்கர் தெருவும் மேற்கு 11-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் மக்னோலியா பேக்கரியைத் திறந்தார்கள். 2000-இல் ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொடரில் கேரியும் மிராண்டாவும் அந்தக் கடை வாசல் பெஞ்சில் கப்கேக்கோடு உட்கார்ந்து பேசும் காட்சி வந்தது. அதன் பிறகு அந்த மூலை சுற்றுலாத் தலமாகிவிட்டது.

கிறிஸ்டோபர் தெரு நிலையத்தில் ரயிலை விட்டிறங்கி நேரே அங்கேதான் போனோம். முதலில் பார்க்க வேண்டியது க்ரீம் பூசும் கையை. பையில் அடைத்துப் பிழிகிற வேலை அங்கே இல்லை. கேக்கின் தலையில் ஒரு கட்டி க்ரீமை வைத்து, தட்டைக் கத்தியால் ஓரம் வரை தள்ளுகிறார்கள். பிறகு ஒரு கையால் கேக்கைத் திருப்பிக்கொண்டே, கத்தி முனையை நடுவில் அழுத்திச் சுழித்து எடுக்கிறார்கள். மேலே ஒரு சிறு குழி விழுந்து, அதைச் சுற்றி அலை நிற்கிறது. க்ரீம் கொஞ்சம் இளகியிருந்தால் அலை சரிந்துவிடும். இறுகியிருந்தால் கத்தி கேக்கையே பிய்த்துவிடும். இடையில் இருக்கிற அந்தச் சில டிகிரிதான் அவர்கள் வித்தை முழுதும்.

அந்தக் க்ரீமில் ஒளித்துவைத்த ரகசியம் ஒன்றுமில்லை. 1999-இல் வெளிவந்த அவர்களுடைய சமையல் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது: ஒரு கப் வெண்ணெய்க்கு ஆறு முதல் எட்டுக் கப் ஐசிங் சர்க்கரை, அரை கப் பால், வெனிலா. சர்க்கரை இவ்வளவு இருப்பதால் காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய பொருக்கு கட்டுகிறது. பல் பட்டால் அது நொறுங்கும். அடியில் வெண்ணெய் இளகிக் கிடக்கும்.

“இனிப்பு தூக்கல்” என்றாள் தோழி. அவள் சுவிஸ் மெரிங் கட்சி. முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் வெந்நீர் மேல் வைத்துச் சூடாக்கி, நுரைக்க அடித்து, ஆறியதும் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது அது. பட்டாய் இறங்கும், இனிப்பும் அளவோடு இருக்கும்.

“அந்தப் பொருக்கு உன் மெரிங்ல வருமா?” என்றேன். பதில் சொல்லாமல் இன்னொரு வாய் கடித்தாள்.

கேக்கிலும் கதை வெண்ணெயில்தான் தொடங்குகிறது. சர்க்கரையோடு வெண்ணெயை அடிக்கும்போது சர்க்கரையின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக் காற்றை உள்ளே புகுத்துகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. இந்தக் குமிழ்களைத்தான் அது அடுப்பில் பெரிதாக்குகிறது. வெண்ணெய் 18, 20 டிகிரி செல்சியஸில், விரல் அழுத்தினால் பள்ளம் விழுந்து, ஆனால் மினுமினுக்காமல் இருக்க வேண்டும். உருகிவிட்டால் காற்று தங்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே உடைத்து ஊற்றினால் கலவை திரிந்துபோகும். மாவு சேர்த்த பின் அதிகம் அடித்தால் பசைத்தன்மை ஏறி, வெந்த கேக்குக்குள் நீள நீளமாகப் பொந்துகள் விழும். கேக்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தாலே செய்தவரின் பொறுமை தெரிந்துவிடும்.

ப்ளீக்கர் தெருவிலேயே கீழே நடந்தால் மாலீஸ். சிகாகோவிலிருந்து வந்த கடை. உள்ளே உட்கார ஊஞ்சல்கள் உண்டு. கேக்கின் நடுவைக் குடைந்து உள்ளே எதையாவது நிரப்புவது இவர்கள் வழக்கம். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். எனக்கு நிரப்பியதன் ருசி கேக்கின் ருசியை மறைத்துவிடுகிறது.

வழியில் இன்னொரு கடை. பெயர் வேண்டாம். கப்கேக்குகள் குளிர்ப்பெட்டிக்குள் அழகாக வரிசையாக நின்றன. கடித்தால் க்ரீம் கட்டியாகப் பிளந்தது, கேக் வறண்டதுபோல் தொண்டையில் நின்றது. உண்மையில் வறண்டிருக்கவில்லை, வெண்ணெய் உறைந்திருந்தது. பெஞ்சில் அரை மணி நேரம் வைத்திருந்து தின்றபோது பாதி ருசி திரும்பி வந்தது.

ரெட் வெல்வெட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. பலரும் அதை எண்ணெயில் செய்கிறார்கள். எண்ணெய் குளிரில் இறுகாது. மேலே பூசும் க்ரீம் சீஸைக் குளிரில்தான் வைத்தாக வேண்டும் என்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. மோர், வினிகர், துளி கோகோ சேர்வதால் நாக்கில் ஒரு மெல்லிய புளிப்பும் நிற்கும். சிவப்பு வண்ணத்தைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் அந்தப் புளிப்பை இழக்கிறார்கள்.

கடைசியாகச் செல்சியில் பில்லிஸ். மக்னோலியாவில் பழகிய கை பிரிந்து போய் 2003-இல் ஒன்பதாம் அவென்யூவில் தொடங்கியது. ஜெனிஃபர் ஆப்பெலும் 1999-இலேயே பிரிந்து, இரண்டாம் அவென்யூவில் பட்டர்கப் என்ற கடையைத் தொடங்கியிருந்தார். இசையில் பாணி என்பார்களே, அப்படி ஒரே வீட்டில் பிறந்து கிளை பிரிந்த கைகள் இவை. கூர்ந்து தின்றால் உறவுமுறை பிடிபடும்: அதே வெண்ணெய்க் கேக், அதே சுழிப்பு. ஆனால் அன்று பில்லிஸில் தின்ற வெனிலாவின் உள்பகுதி இன்னும் நெருக்கமாக, ஈரமாக இருந்தது. க்ரீமும் கேக்கும் ஒரே நேரத்தில் வாயில் கரைந்தன. ஒன்று முன்னே ஓடி மற்றது பின்னால் தங்கவில்லை.

எனக்கு அதுதான் அன்றைய முதலிடம். தோழி வாழைப்பழக் கப்கேக்குக்கு ஓட்டுப் போட்டாள். அதன்மேல் இருந்தது க்ரீம் சீஸ், இனிப்பு தூக்கல் இல்லை. கிளம்பும்போது வெனிலாவில் ஒரு டப்பா வாங்கினோம். “ராத்திரிக்குள்ள தின்னு முடிச்சிடணும், ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்கக் கூடாது” என்று டப்பாவை என்னிடம் கொடுத்தாள்.