பழம்பாடலும் அறிவியல் நூலும்

இலக்கியம் பயில்வோர் அறிவியல் நூல்களையும் பயிலுதல் வேண்டும் என்பது இன்று யாவரும் ஒப்பும் கருத்தாகும். ஆயினும், இவ்விரு வகை நூல்களையும் ஒருங்கு வைத்துப் படிக்குமிடத்து ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. பழம்பாடல் ஒன்றில் அறிவியல் உண்மையின் சாயல் சிறிது தோன்றிய அளவிலேயே, இவ்வுண்மையை நம் முன்னோர் அன்றே கண்டனர் என முடிவு கட்டும் வழக்கம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் மிகுந்துள்ளது. அவ்வழக்கம் பாடலுக்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தோன்றினும், உண்மையில் அதற்கு ஊறு விளைப்பதாகும். பொதுமக்களுக்கென எழுந்த அறிவியல் நூல்கள் இரண்டனையும், தமிழ்ப் பாடல்கள் மூன்றனையும் அடுத்தடுத்துப் படித்ததால் எழுந்த எண்ணங்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

மைக்கேல் பாரடே இலண்டன் ராயல் நிறுவனத்தில் இளையோர் கேட்க ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள், 'மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு' என்னும் பொருளுடைய பெயரால் 1861-இல் நூல் வடிவம் பெற்றன. எரியும் மெழுகுவர்த்தி ஒன்றே அந்நூலின் பொருள். பனிக்கட்டியும் உப்பும் இட்ட கலத்தை அவர் சுடருக்கு மேலே பிடிக்கின்றார். கலத்தின் அடியில் நீர்த்துளி திரள்கின்றது. அது நீரே என்பதைத் தம் சொல்லால் நிறுவ அவர் முயலவில்லை. பொட்டாசியத் துண்டு அத்துளியிற் பட்டதும் தீப்பற்றுதலைக் காட்டி மெய்ப்பிக்கின்றார். வேறோரிடத்தில் சுடரின்மேல் வலிய ஒளியைப் பாய்ச்சி அதன் நிழலைத் திரையில் வீழ்த்துகின்றார். சுடரில் மிக்க ஒளியுடைய பகுதியே நிழலில் மிக்க கருமையுடையதாய் நிற்கின்றது. சுடருக்கு ஒளி தருவன அங்குள்ள கரித்துகள்கள். அவையே பாய்ச்சிய ஒளியையும் மறைக்கின்றன. கேட்போன் தன் கண்ணால் கண்டு உடன்படுமாறு ஒவ்வோர் உண்மையும் அவன்முன் வைக்கப்படுகின்றது.

மற்றொன்று சர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1930-இல் வெளியிட்ட 'விந்தைமிகு பேரண்டம்' என்னும் கருத்துடைய பெயர் பூண்ட ஆங்கில நூல். உலகத்துக் கடற்கரைகளிலெல்லாம் உள்ள மணல் எத்துணையோ, அத்துணை விண்மீன்கள் இருத்தல் கூடும் என அவர் தொடக்கத்திலேயே உவமை கூறுகின்றார். அடுத்து, ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகட்கு முன் வேறொரு விண்மீன் ஞாயிற்றின் அருகே வந்து சென்றது என்றும், அதன் ஈர்ப்பால் ஞாயிற்றினின்று இழுபட்ட பொருளே கோள்களாயிற்று என்றும் விளக்குகின்றார். அத்தகைய அணுக்கம் மிக அரிதாதலின் கோள்களையுடைய விண்மீன்களும் மிக அரியவாம் என்பது அவர் முடிபு. அம்முடிபு இன்று நிலைபெறவில்லை. இளைய விண்மீனைச் சூழ்ந்து சுழலும் வளிமமும் தூசும் திரண்டே கோள்கள் உருவாகின்றன என்பது இன்றைய கொள்கை. நிலவுலகின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஞாயிற்றை ஒத்த பிறிதொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995-இல் கண்டறியப்பட்டது. அதன்பின் கண்டு உறுதிசெய்யப்பட்டவை ஐயாயிரத்தின் மேலாயின.

ஜீன்சின் முடிபு கைவிடப்பட்டமையால் அவருக்கு இழுக்கு யாதுமில்லை. சோதனைக்கு உட்படும் கூற்றையே அறிவியல் நூல் கூறுகின்றது. உட்பட்டபின் நிற்பினும் வீழினும் அது தன் கடமையைச் செய்ததாகும். ஆகவே அறிவியல் நூலைப் படிப்போன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'இது மெய்யா? அதனை எங்ஙனம் அறிவேன்?' என்பதேயாம். இக்கேள்வியையே பழம்பாடலிடத்தும் முதற்கண் கேட்கலாமா என்பதுதான் நம் ஆராய்ச்சி.

மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தில் திருவண்டப் பகுதி என்பது ஒன்று. எண்ணற்ற உருண்டைகளாய் விரிந்து கிடக்கும் அண்டங்கள், வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்துகள்களைப்போலச் சிறியனவாய்த் தோன்றுமாறு இறைவன் பெரியோனாய் நிற்கின்றான் என்பது அதன் தொடக்கப் பகுதியின் கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டினர் எனப் பலராலும் கருதப்படும் அடிகள் இக்கால வானியலை முன்னரே உணர்ந்தார் எனச் சிலர் இதனைக் கொண்டு உரைப்பர். ஜீன்சின் மணலுவமையோடு அடிகளின் துகளுவமையை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மணல், விண்மீன்களின் தொகையை நம் மனம் பற்றுதற்கு வந்தது. தொகை மாறின் உவமையும் மாறும். துகளோ, அண்டங்களின் தொகையை அறிவிக்கும் அளவில் நின்றுவிடவில்லை. அவற்றைச் சிறுமைப்படுத்தி, அதனால் இறைவனது பெருமையை உணர்த்துகின்றது. அண்டம் ஒன்றேயாயினும் நூறு கோடியாயினும் அடிகளின் வியப்புக் குறையாது. அப்பாடலின் மதிப்பை இன்றைய வானியலோடு பிணிப்போர், நாளை வானியல் திருந்தும்போது பாடலும் உடன் வீழ வழிசெய்கின்றனர்.

புறநானூற்று முப்பதாம் பாட்டு இன்னும் நுட்பமானது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது இது. ஞாயிறு செல்லும் நெறி, அதன் இயக்கம், காற்றுச் செல்லும் திசை, பற்றுக்கோடின்றி நிற்கும் வானம் ஆகியவற்றை நேரிற் சென்று அளந்தவர்போல இத்துணைய என்று கூறுவோரும் உளர் என்கின்றார் புலவர். பண்டைத் தமிழர் வானை அளந்தமைக்கு இப்பாட்டைச் சான்றாகக் காட்டுவோர், அளந்தவர்'போல' என்னும் உருபைக் காணாது விடுகின்றனர். அளந்தனர் எனப் புலவர் கூறவில்லை; அளந்தாற்போலக் கூறுவோர் இருந்தனர் என்றே கூறுகின்றார். அவர்தம் அறிவுக்கும் எட்டாதது, யானை தன் கவுளில் அடக்கிய கல்லைப்போல மறைந்திருக்கும் நலங்கிள்ளியின் வலிமை என்பதே பாட்டின் கருத்து. சான்று காட்டுதலில் அப்புலவர்க்கு இருந்த எச்சரிக்கை நம்மவர்க்கு இல்லாமற்போயிற்று.

மூன்றாவது, கூடலூர் கிழார் பாடிய 229-ஆம் பாட்டு. பங்குனித் திங்களில் நள்ளிரவில் விண்மீன் ஒன்று வானினின்று வீழ்கின்றது. மன்னனுக்குக் கேடு வருமோ எனப் புலவரும் பிறரும் அஞ்சுகின்றனர். அவன் நோயிலனாக வேண்டும் என விழைகின்றனர். ஏழாம் நாளும் வந்தது. யானை தன் கையை நிலத்தில் வைத்து உறங்கிற்று. முரசு கண் கிழிந்து உருண்டது. வெண்குடையின் காம்பு ஒடிந்தது. விரைந்து செல்லும் குதிரைகள் இயக்கமின்றி நின்றன. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மாண்டான். வீழ்வது விண்மீன் அன்று, காற்றுமண்டலத்தில் நுழைந்து எரியும் சிறு துகளே என்பது இன்று பள்ளி மாணவனும் அறிந்தது. அதற்கும் வேந்தன் இறப்பிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அங்ஙனமாயின் இப்பாட்டுப் பொய்யாயிற்றா? இல்லை. ஆறு நாளும் ஒருவன் உயிருக்காக அஞ்சிக் காத்திருந்தோர் நெஞ்சினை இது கூறுகின்றது. நோயாளியின் அருகிருந்து நாளெண்ணிய எவரும் இதனை மெய்யென்று அறிவர். முன்னோர் அறிவியல் அறிந்தனர் என முழங்குவோர் இப்பாட்டை மேடையில் எடுப்பதில்லை. எடுப்பின் அவர்தம் அளவுகோலால் இஃது ஒரு மூடநம்பிக்கையாய் முடியும். இத்தகைய பாட்டைப் புறந்தள்ளச் செய்யும் அளவுகோல் பிழையுடையது என்பதில் ஐயமில்லை.

இதனால், இலக்கியம் கற்போர்க்கு அறிவியல் வேண்டா என்று கொள்ளற்க. அதே பாட்டின் முதற்பகுதி, உச்சியிலிருந்து சாயும் மீன், எழும் மீன், மறையும் மீன் என இரவு வானின் நிலையை ஒழுங்குறக் காட்டுகின்றது. பழைய உரை அம்மீன்களை இன்னின்ன என விளக்குகின்றது. வானை அறியாதார்க்கு அப்பகுதி சொற்குவியலாய் நின்றுவிடும். அறிந்தார்க்கோ, புலவர் நின்று நோக்கிய வானம் கண்முன் விரியும். இஃது அறிவியல் இலக்கியத்துக்குச் செய்யும் நல்லுதவி. அவ்வாறே, அக்காலத்தார் வானைப்பற்றி எத்துணை அறிந்திருந்தனர் என ஆராயும் வரலாற்றாசிரியர்க்கு இப்பாட்டுகள் சான்றாதலும் முறையே. பாடலை விளங்கிக்கொள்ளுதற்கு அறிவியலைக் கருவியாகக் கொள்ளுதல் வேறு. பாடலின் தகுதிக்கு அதனிடம் நற்சான்று வேண்டி நிற்றல் வேறு.

இவ்வேறுபாட்டை வகுப்பறையில் உணர்த்துதல் தமிழாசிரியர் கடமையாகும். திருவண்டப் பகுதியில் வானியலைக் கண்டு மகிழ்ந்த மாணவன், வானியல் நூலைத் தேடிப் படிப்பதில்லை; எல்லாம் நம்மிடம் உளவே என அமைகின்றான். பாடலையும் அவன் முழுமையாகப் படிப்பதில்லை. தனக்கு வேண்டிய அடி கிடைத்ததும் நின்றுவிடுகின்றான். அவன் இழப்பவை இரண்டு. பாரடேயின் நூல் கையில் இருக்கும்போது அவர் காட்டும் துளி நீர்தானா எனக் கேட்கவேண்டும். கூடலூர் கிழார் பாட்டுக் கையில் இருக்கும்போது அவர் அஞ்சியது எதனை எனக் கேட்கவேண்டும். இவ்விரு கேள்விகளையும் இடமறிந்து கேட்கப் பயின்றவனே இருவகை நூல்களையும் கற்றவன் ஆவான்.