மரணமும் நம்பிக்கையும்: பனியன் முதல் கிருஷ்ணபிள்ளை வரை

மதஞ்சார்ந்த இலக்கியங்களில் இடம்பெறும் நித்திய வாழ்வு பற்றிய நம்பிக்கையை அணுகுவதில் எம்மிடையே இருவகைப் போக்குகள் நிலவி வந்துள்ளன. ஒன்று, அதனைக் காலங்கடந்த உண்மையாகக் கொண்டு வரலாற்று ஆய்வுக்கு அப்பால் நிறுத்துவது. மற்றது, இவ்வுலகத் துயரை மறக்கச்செய்யும் வெறும் மயக்கமருந்தென ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவது. பின்னையது முற்போக்குத் திறனாய்வின் பெயரால் செய்யப்படுவதால் அதுபற்றியே நாம் கூடுதலாகக் கவலைகொள்ள வேண்டியுள்ளது. மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844 இல் வெளிவந்த அதே கட்டுரையின் அதே பகுதியில், மதத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடும் அதற்கெதிரான மறுப்புமாகும் என்றும் கூறியிருந்தார். இவ்விரட்டைத் தன்மையை மறந்த திறனாய்வு மார்க்சியத் திறனாய்வு ஆகாது.

கிறிஸ்தவ நம்பிக்கையின் மூலத்தை நோக்குமிடத்து இது மேலும் தெளிவாகும். ஆன்மா, உடலென்னும் சிறையினின்று விடுபட்டு நிலைபெறும் என்பது பிளேட்டோவின் வழிவந்த கிரேக்கக் கருத்து. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15 ஆம் அதிகாரம் பேசுவதோ உயிர்த்தெழுதலை; அங்கு அழியுமுடல் துறக்கப்படுவதில்லை, அழியாமையை அணிந்துகொள்கிறது. இவ்வேறுபாட்டை இறையியலாளர் ஒஸ்கார் குல்மன் 1955 இல் ஆற்றிய சொற்பொழிவில் வற்புறுத்தினார். உயிர்த்தெழுதல் பற்றிய கருத்து யூதரிடையே தெளிவுருப் பெற்றது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கசின் ஒடுக்குமுறைக் காலத்திலாகும். தானியேல் நூலின் இறுதிப் பகுதி இதற்குச் சான்று. நேர்மையாளர் கொல்லப்பட, கொன்றவர் ஆட்சியில் வீற்றிருந்த சூழலில், பறிக்கப்பட்ட உடல் மீளவேண்டும் என்ற கோரிக்கை நீதிக்கான கோரிக்கையே.

இப்பின்னணியில் ஜோன் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் உருவக நூலை நோக்குவோம். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியான பனியன், உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் இருந்தவர். 1660 இல் முடியாட்சி மீண்டபின், அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். நூலின் முதற்பாகம் 1678 இல் வெளிவந்தது. கந்தையணிந்து, முதுகிற் சுமையோடு புறப்படும் மனிதனே இதன் நாயகன். மாயச் சந்தையில் அவனது தோழன் விசாரிக்கப்படும்போது, அவன் அவதூறு செய்ததாகக் கூறப்படுவோர் பிரபுக்களும் கனவான்களுமாவர். வர்க்கப் பகைமை பெயர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

அத்தோழன் எரியூட்டப்பட்டபின், அவனது நிலைபேற்றைக் கண்ட சந்தைவாசி ஒருவன் நாயகனோடு சேர்ந்து நடக்கிறான். அவனது பெயரே நம்பிக்கை என்னும் பொருளுடையது. இறுதியில் பாலமற்ற மரண ஆற்றைக் கடக்கையில் நாயகன் அமிழத் தொடங்குகிறான். அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிப்பவன் இவனே. நம்பிக்கை தனிமனித உள்ளத்தில் ஊறும் ஆறுதலாக அன்றி, ஒரு தியாகத்தைக் கண்டதால் பிறந்து, தோழமையாகச் செயற்படுவதாகச் சித்திரிக்கப்படுவது மனங்கொள்ளத்தக்கது. மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடும் நாயகனிற் காணப்படும் தனிமனிதவாதமும் உண்மையே. எனினும் 1684 இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அம்மனைவியும் பிள்ளைகளும் கூட்டாக அதே வழியில் நடக்கின்றனர். ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் அடிப்படை நூல்கள் இரண்டனுள் ஒன்றாக எட்வேட் தொம்சன் 1963 இல் இதனைக் குறிப்பிட்டமை தற்செயலன்று.

இந்நூலின் முதற்பாகத்தைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894 இல் நூலாக வெளிவந்தது. திருநெல்வேலி வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து 1858 இல் கிறிஸ்தவரான அவர், கம்பனில் ஆழத் தோய்ந்தவர். பாத்திரம் செப்பனிடுவோனின் எளிய உரைநடை, ஐந்து பருவங்களையும் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுள்களையும் கொண்ட பெருங்காப்பியமாயிற்று. இது வெறும் உருவமாற்றமன்று. சந்தையிலும் சிறையிலும் வழங்கிய மொழி, புலவர் அவையின் மொழியாயிற்று. மிஷன் திருச்சபைகளை நிரப்பிய பனையேறிகளும் கூலி விவசாயிகளும் எளிதில் எட்டமுடியாத மொழியில் அவர்களது நம்பிக்கை பாடப்பட்டது. பனியனிடத்துக் காணப்படும் கூரிய வர்க்கக் குரல் இங்கு பெரிதும் தணிந்து, பக்தி மரபின் சரணாகதிக் குரல் மேலோங்குகிறது.

ஆயினும் இதனோடு நின்றுவிடுவது நியாயமன்று. மூலநூலில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் விரித்துப் பாடியுள்ளார். வதைபடும் உடலை அருகிருந்து நோக்கும் அப்பகுதியிலேயே காப்பியம் உயிர்த்துடிப்புப் பெறுகின்றது எனலாம். வானுலக மகிமை மரபுவழி அலங்காரங்களுள் ஒடுங்க, மண்ணுலக உடலின் வேதனை அவரது கவித்துவத்தை விடுவிக்கின்றது.

உடல் பற்றிய இக்கேள்வி இலக்கியத்துக்கு வெளியேயும் எழுந்தது. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே காலத்தில், அண்டையிலுள்ள தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடிக் கொண்டிருந்தனர். 1859 இல் அரசு மார்பை மூட அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப்போல் அணிவதை மட்டும் தடுத்தது. மறுமையில் மகிமையுறும் உடல் என்று போதிக்கப்பட்டோர், இம்மையிலேயே அவ்வுடலுக்கு மானத்தைக் கோரினர். போதித்தவர்கள் எதிர்பார்த்த எல்லைக்குள் நம்பிக்கை அடங்கிக் கிடப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று. இப்போராட்டத்தின் நேரடித் தடம் காப்பியத்தில் இல்லை. அதன் வர்க்க, சாதி எல்லையும் இதுவே.

யாத்திரிகம் நூலுருப் பெற்ற அதே 1894 இல்தான் ஏங்கெல்ஸ் ஆதிக் கிறிஸ்தவ வரலாறு பற்றிய தமது கட்டுரையை எழுதினார். ஆதிக் கிறிஸ்தவமும் தொழிலாளர் இயக்கமும் ஒடுக்கப்பட்டோரின் இயக்கங்களாகவே தோன்றின என்றும், முன்னது விடுதலையை மரணத்துக்கு அப்பாலும் பின்னது இவ்வுலகிலும் வைத்தன என்றும் அவர் காட்டினார். இவ்வேறுபாட்டை நாம் எவ்விதத்திலும் மழுப்பவில்லை. மரணத்தின்பின் வாழ்வுண்டு என்பதை ஏற்பதும் இத்தகைய ஆய்வுக்கு அவசியமன்று. ஆனால் அந்த நம்பிக்கையுள் உறைந்துள்ள நீதிக் கோரிக்கையை இனங்காணாத முற்போக்குத் திறனாய்வு, தான் யாருக்காகப் பேசுவதாகக் கூறுகின்றதோ அம்மக்களின் நெஞ்சில் மூன்று நூற்றாண்டுகளாக இடம்பெற்றுள்ள ஒரு நூலை வாசிக்கத் தகுதியற்றதாகிவிடும். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் குறித்த எமது ஆய்வுகள், சமயப் பாராட்டிலிருந்தும் அவசர நிராகரிப்பிலிருந்தும் விலகி, இக்கோரிக்கை எந்த வர்க்கத்தின் மொழியில், எவ்வுருவில், எத்துணை ஒலித்தது என்பதை நூல்வாரியாக ஆராய முற்படுதல் வேண்டும்.