தேரை அழுத்திய கால்

திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும் இரவுகளில், கூட்டத்தின் கண் கர்ணன் மேலும் அர்ச்சுனன் மேலும்தான் இருக்கும். கட்டை கட்டிய வேஷம், கிரீடம், புஜக்கட்டை, அரிதாரம் எல்லாம் சேர்ந்து பார்வையை அங்கேயே நிறுத்திவிடும். எனக்குப் பிடித்தவனோ, ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேரோட்ட வந்தவன். கர்ணன் விட்ட நாகாஸ்திரம் அர்ச்சுனன் கழுத்தைத் தேடி வருகிறது. கண்ணன் தேரைக் காலால் அழுத்துகிறான். அஸ்திரம் மகுடத்தோடு போய்விடுகிறது. ஜயத்ரதனைப் பொழுது சாய்வதற்குள் கொல்ல வேண்டிய நாளில் சக்கரத்தால் சூரியனை மறைக்கிறான். பொழுது சாய்ந்தது என்று நம்பி அவன் வெளியே வருகிறான், அர்ச்சுனன் அம்பு பாய்கிறது. இரண்டு வெற்றியும் அர்ச்சுனன் கணக்கில்தான் சேருகின்றன.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் இந்தக் கண்ணன் வேலைக்கென்றே ஆட்கள் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த விளையாட்டு அது. கிளெரிக், பார்ட் முதலான மந்திரக்காரர்கள் பக்கத்தில் நிற்பவனுக்குப் பலம் ஏற்றுகிறவர்கள். புதிதாக ஆட வருபவர்கள் இந்த வேஷத்தை எடுக்கத் தயங்குகிறார்கள். அந்த மேசையில் ஆகக் கடினமான ஆட்டமும் ஆக அழகான ஆட்டமும் இதுதான் என்பேன்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளில் ‘பிளெஸ்’ என்று ஒரு முதல் படி மந்திரம். மூன்று பேருக்குப் போடலாம். அவர்கள் அடிப்பதற்காக இருபது முகப் பகடையை உருட்டும்போதெல்லாம், கூடவே ஒரு நான்கு முகப் பகடையையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். சராசரியாகப் பார்த்தால் கூடுவது இரண்டரைதான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இருபதில் இரண்டரை என்பது, நூறு வீச்சில் தவறிப்போயிருக்க வேண்டிய பன்னிரண்டு பதின்மூன்று வீச்சுகள் இலக்கில் படுவது. மூன்று பேருக்கும், பத்துச் சுற்றுகளுக்கும் இது நீடிக்கலாம். ராட்சசன் விழுந்ததும் எல்லோரும் கடைசி அடி கொடுத்தவனைத்தான் கட்டிக்கொள்வார்கள். அந்த அடியில் கூடியிருந்த மூன்று எண் யார் போட்டது என்று யோசித்துப் பார்ப்பவனே ரசிகன்.

இப்படிப்பட்ட மந்திரத்துக்குக் கவனம் கலையாமல் இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் தாங்கிப் பிடிக்க முடியும். அடிபட்டால் பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும், தவறினால் மந்திரம் போயிற்று. அதனால் எங்கே நிற்பது என்பதே பாதி வித்தை. தூண் மறைவா, கதவோரமா, தோழர்களுக்கு எத்தனை அடி பின்னால்? ‘ஹேஸ்ட்’ இன்னும் அபாயமானது. ஒருவனுக்கு வேகத்தை இரட்டிப்பாக்கிக் கூடுதலாக ஒரு செயலும் தரும். மந்திரம் அறுந்தாலோ அவன் தன் அடுத்த முறை முடியும்வரை அசையாமல் நிற்பான். நண்பனின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாடுவது அது.

குணமாக்குவதிலும் நேரம்தான் எல்லாம். ‘ஹீலிங் வேர்ட்’ தருகிற உயிர்ப்புள்ளிகள் சொற்பம். சுருண்டு விழுந்தவனை எதிரியின் முறைக்குச் சற்றுமுன் எழுப்பினால் மறுபடி அடித்துச் சாய்த்துவிடுவான். விழுந்தவனுடைய முறைக்குச் சற்றுமுன் எழுப்பினால் அதே சொற்பத்தில் எழுந்து வாள் வீசிவிடுவான். யாருக்குப் பின் யார் என்ற வரிசையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே, அடிபட்டவனைப் பார்த்தும் ஒரு நிமிஷம் கை கட்டி இருக்கத் தெரிய வேண்டும். கைதேர்ந்த ஆட்டக்காரரை நான் இந்தப் பொறுமையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன்.

பார்ட் என்பவன் பாட்டுக்காரன். அவன் தோழனுக்குக் கொடுக்கும் உற்சாகப் பகடை ஆரம்பத்தில் ஆறு முகம், போகப்போகப் பன்னிரண்டு முகம்வரை வளரும். தனக்கே கொடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. கூத்தில் இதற்கு நேரானவர்கள் பின்பாட்டுக்காரர்கள். கட்டை வேஷக்காரர் விடியவிடியப் பாரம் சுமந்து ஆடுகிறார். அவர் ஓரடி பாடியதும் பின்னால் நிற்கிறவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சுழன்று ஆடிவிடுவார். மிருதங்கமும் முகவீணையும் அந்த இடைவெளியைக் காத்து நிற்கும். எடுப்பில் ஒரு கணம் பிந்தினாலும் ஆட்டம் தொய்ந்துபோகும். இத்தனை கச்சிதம் எப்படி வருகிறதென்றால், திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை முதலான ஊர்களில் கூத்தை வளர்த்த குழுக்களில் பின்பாட்டுப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களும் வேஷம் கட்டியவர்கள். எந்த அடியில் மூச்சு முட்டும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும்.

அதனால்தான் துணை மந்திரக்காரராக ஆட ஆசைப்படுகிறவர்களிடம், முதல் கதையில் வாள் பிடிக்கும் வேஷத்தை எடுங்கள் என்று சொல்கிறேன். நாலு சண்டையில் முன்வரிசையில் நின்று, உயிர்ப்புள்ளி ஒன்றிரண்டுக்கு இறங்கிய நிலையில் பகடையைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். எந்த நொடியில் உதவி வந்திருக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். கிளெரிக்கை அடுத்த கதையில் எடுத்துக்கொள்ளலாம்.