விளங்க வைத்தல்

கம்ப்யூட்டர் மென்பொருள்களுக்கு எழுதப்படும் கையேடுகள் இன்னும் தெளிவாக இருக்க வேண்டுமா என்ற விவாதம் வெகுகாலமாக நடந்து வருகிறது. கதை எழுதுகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கையேடும் ஒருவர் எழுதி இன்னொருவர் படிக்கிற வசனந்தானே? அந்த அளவில் எனக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

என் நண்பர் ஒருவர் மென்பொருள் எழுதுகிறவர். தெளிவு, தெளிவு என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. "கையேடு என்ன தொடர்கதையா, ஸார்? தெரிந்தவனுக்கு ஞாபகப்படுத்த எழுதுவது அது. எல்லாவற்றையும் விஸ்தாரமாக விளக்கிக்கொண்டு போனால், அவசரத்துக்கு வேண்டியதைத் தேடி எடுக்க முடியுமா?" என்கிறார்.

இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர் கட்சிக்கு நல்ல சாட்சியே இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான யுனிக்ஸுக்கு, அதன் கர்த்தாக்களான கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் ஒரு கையேடு வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர், எழுதும் முறை, செய்யும் வேலை, அவ்வளவுதான். அலங்காரமோ முகஸ்துதியோ கிடையாது. அதைவிட என்னைக் கவர்ந்தது, கடைசியில் வரும் 'பிழைகள்' என்ற தலைப்பு. தன் படைப்பில் இன்ன இடத்தில் குறை இருக்கிறது என்று தானே அச்சில் ஒப்புக்கொள்ளும் ஆசிரியன் நாவல் உலகில் உண்டா? எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆனால் அந்தக் கையேட்டை முதலில் புரட்டியவர்கள் பெரும்பாலும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள். புரியாவிட்டால் எழுந்து போய்க் கேட்டுவிடலாம். அந்தச் சௌகரியம் இல்லாத வாசகனுக்கு எழுத நேர்ந்தபோது அதே ரிச்சி என்ன செய்தார்? 1978ல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து ஸி மொழியைப் பற்றி எழுதிய புத்தகம், ஒரு சிறு முகமனைத் திரையில் காட்டும் நாலைந்து வரி நிரலில் ஆரம்பிக்கிறது. அந்த இடத்திலிருந்து வாசகனைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. இத்தனைக்கும் புத்தகம் இருநூற்றைம்பது பக்கத்தைத் தாண்டவில்லை. நம் நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருக்கத்தை முதலிலும் விளக்கத்தை அதற்கு அடுத்தும் வைத்தார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. நண்பரின் வாதத்தில் உள்ள கோளாறு இதுதான்: தெளிவு என்றால் நீளம் என்று நினைத்துவிட்டார்.

தெளிவின்மையால் வருவது வாசகனின் தலைவலி மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1986 மார்ச்சில் டெக்ஸாஸ் மாகாணத்து டைலர் நகரில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் தெராக்-25 என்ற இயந்திரம் பாதியில் நின்றது. திரையில் 'மால்பங்ஷன் 54' என்று வந்தது. அது என்ன என்று கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை. இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த ஒரு தாளில் 'டோஸ் இன்புட் 2' என்று மட்டும் கண்டிருந்தது. கொடுத்த கதிர் மிக அதிகம் அல்லது மிகக் குறைவு என்பது அதன் பொருளாம்! இரண்டில் எது என்று யார் சொல்வது? இந்த மாதிரிக் குறிப்புகள் அடிக்கடி வந்து பழகிப்போனவை. அடுத்த அறையில் இருந்து இயக்கிய பெண்மணி, மேலே தொடரச் சொல்லும் பித்தானை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர் மேல் மறுபடியும் கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அதே இடத்தில் அதே எண் வந்தது, இன்னொருவரும் பலியானார். 1985 முதல் 1987 வரை ஆறு பேர் இந்த இயந்திரத்தால் அளவு மீறிய கதிருக்கு ஆளானார்கள்.

மூல காரணம் நிரலிலும் இயந்திர அமைப்பிலும் இருந்த பிழைகள். கையேட்டின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. ஆனாலும், 'இந்த எண் வந்தால் தொடராதே. நோயாளியைப் போய்ப் பார்' என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் பெண்மணியின் விரல் தயங்கியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். சுருக்கப் பிரியர்களுக்கும் ஒரு வரி பாரமாக இராது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எல்லாம் சரி, ஸார். நிரல் எழுத ஆறு மாதம் கொடுக்கிறவன், கையேட்டுக்குக் கடைசி வாரத்தை அல்லவா கொடுக்கிறான்? அதை யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார்.

அது நியாயமான கேள்வி. இத்தனை நேரம் நாங்கள் அந்த இடத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.