நீலமும் சிவப்பும்

விருந்து மேசையைச் சுற்றி எட்டு நண்பர்கள். அவர்களில் மைக் ஒரு நடிகன். ‘ராஸ்வெல்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்தவன் என்று பேச்சு வருகிறது. லோரி அந்தத் தொடரை விடாமல் பார்த்தவள். ஆனால் இவன் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. சின்னச் சிரிப்பு, சின்னச் சங்கடம், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. ‘கோஹரன்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் வரும் இந்த இடத்தை முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுவார்கள். மைக்காக நடித்த நிக்கோலஸ் பிரெண்டன் யாரென்று தெரிந்தவர்கள் மட்டும் சிரிப்பார்கள். 1997 முதல் 2003 வரை ஓடிய ‘பஃபி’ தொடரில் ஸாண்டராக நடித்தவர் அவர். ‘ராஸ்வெல்’ ஏறக்குறைய அதே காலத்துத் தொடர். ஆக, அந்த நடிகர் ‘பஃபி’யில் இல்லாமல் ‘ராஸ்வெல்’லில் நடித்திருந்த ஓர் உலகம் நம் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கதையில் வரும் வால்நட்சத்திரம் இன்னும் தன் வேலையைக் காட்டவே இல்லை. அதற்குள் படம் நம்மைச் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிட்டது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கதையைவிட இம்மாதிரி இடங்களைத்தான் அதிகம் பேசுகிறார்கள். “அதைக் கவனித்தாயா?” என்றுதான் உரையாடல் தொடங்கும். கதை எளிமையானது. பூமிக்கு அருகே ஒரு வால்நட்சத்திரம் கடக்கும் இரவு. மின்சாரம் போகிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். உதவி கேட்டு அங்கே போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். உள்ளே அதே மேசை, அதே எட்டுப் பேர், அவர்களே.

ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் இயக்கிய இப்படம் 2013-இல் ஆஸ்டின் நகரின் ஃபன்டாஸ்டிக் ஃபெஸ்ட் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. செலவு சுமார் 50,000 டாலர். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இயக்குநர் குடியிருந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்து முடித்தார்கள். ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ போன்ற பெரும்செலவுப் படங்களுக்குக் காட்சிகளை வரைந்து கொடுத்தவர் பிர்கிட். ‘ரேங்கோ’வின் கதையிலும் அவருக்குப் பங்குண்டு. ஒவ்வொரு சட்டகத்தையும் முன்கூட்டியே வரைந்து பழகிய அந்தக் கை, இந்தப் படத்தில் எதையுமே வரையாமல் விட்டது.

நடிகர்களுக்கு வசனத் தாள் கிடையாது. இணைந்து கதை அமைத்த அலெக்ஸ் மனூகியனும் பிர்கிட்டும் திருப்பங்களை ஏறத்தாழ ஓராண்டு யோசித்து 12 பக்கங்களில் அடக்கி வைத்திருந்தார்கள். நடிகர்களின் கைக்கு வந்தது நாளுக்கு ஒரு குறிப்பு மட்டும். உன் பாத்திரத்தின் பழங்கதை இது, இன்று உன் மனதில் இருப்பது இது, இதை எப்படியாவது பேச்சில் கொண்டுவா என்ற அளவில். பக்கத்து நாற்காலிக்காரரின் குறிப்பில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கதவு எப்போது தட்டப்படும் என்பதும் தெரியாது. முழுத் திட்டமும் தெரிந்திருந்தவர் மனூகியன். அமீர் என்ற பாத்திரமாக அந்தக் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து, பேச்சு தடம் மாறும்போது திருப்பிக் கொண்டுவந்தார். வசனத் தாளே இல்லாத இந்தப் படத்துக்கு ஃபன்டாஸ்டிக் ஃபெஸ்ட்டில் சிறந்த திரைக்கதைப் பரிசு கிடைத்தது. அந்த நடுவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதில் ஒரு நயம் உண்டு. படத்துக்குள் ‘இவன் நம் வீட்டு ஆள்தானா’ என்ற சந்தேகம் முதலில் விழுவது ஹியூ மீதும் அமீர் மீதும். வெளியே போய்த் திரும்பி வந்த முதல் இருவர் அவர்கள். நடிகர்களில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தவரே அந்த அமீராக நடித்தார். இது தெரிந்தபின் மீண்டும் பார்த்தால், அவர் முகத்தில் இருக்கும் நிதானத்துக்கு வேறு நிறம் வந்துவிடுகிறது.

கேமரா ஆடுகிறது, குவியம் அடிக்கடி தவறுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று படத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது உண்மைதான். யார் அடுத்து வாய் திறப்பார் என்று கேமரா பிடித்தவருக்கும் தெரியாது. அதனால் அது எப்போதும் அரை நொடி பிந்தியே முகத்தைத் தேடி வருகிறது. ஆனால் அந்த அரை நொடிதான் எனக்குப் பிடித்தது. பேச்சின் முதல் சொல் காதில் விழும்போது நாம் இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் அதைக் கேட்டு எப்படி மாறுகிறார் என்பது பேசுபவரின் முகத்துக்கு முன்னால் நமக்குக் கிடைத்துவிடுகிறது. தேர்ந்த விளக்கொளியும் பிசகாத குவியமும் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

படத்தின் உச்சமாகப் பலரும் சொல்லும் காட்சிக்கு ஆன செலவு மிகச் சொற்பம். இருட்டில் நடக்கக் குளோ ஸ்டிக் எனப்படும் ஒளிக்குச்சிகளை எடுத்துக்கொள்கிறார்கள். வளைத்தால் உள்ளே ரசாயனம் கலந்து ஒளிரும் மலிவுப் பொருள். இவர்கள் கையில் நீலம். நான்கு பேராகத் தெருவில் போகும்போது எதிரே நான்கு பேர் வருகிறார்கள். அதே உயரம், அதே உடை, அதே நால்வர். அவர்கள் கையில் சிவப்பு. இரு கூட்டமும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே ஓடுகின்றன. இசை முழங்கவில்லை, யாரும் விளக்கவில்லை, இரட்டை வேடத் தந்திரக் காட்சி எதுவும் பெரிதாக இல்லை. இருள், இரண்டு நிறம், அவ்வளவுதான். ஆனாலும் இந்த இடத்தில் பார்வையாளர்களின் உடம்பு சில்லிட்டுப் போகிறது. காரணம் எளிது. எதிரே வந்தவர்கள் நம்மைப் போலவே இருந்தார்கள் என்பதைவிட, அவர்கள் டப்பாவைத் திறந்தபோது வேறு நிறத்தை எடுத்தார்கள் என்பதுதான் பயமுறுத்துகிறது. எடுக்கும்போது யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். யோசிக்காமல் செய்த ஒன்றில் ஓர் உலகம் பிரிந்துவிட்டது.

இயற்பியலில் இதற்கு அடிப்படை உண்டு. ஷ்ரோடிங்கர் 1935-இல் பெட்டிக்குள் அடைத்த கற்பனைப் பூனையும், 1957-இல் ஹியூ எவரெட் முன்வைத்த பல உலகக் கருத்தும் படத்தின் பின்னால் நிற்கின்றன. நுண்துகள்கள் ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருக்க முடியும். சுற்றுப்புறத்தோடு உறவாடும்போது அந்த நிலைகள் ஒன்றையொன்று தொடமுடியாதபடி பிரிந்துபோகின்றன. அந்தப் பிரிவு நடக்காமல் ஒரு வீட்டளவில் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதே படம். படத்தில் இயற்பியலாளர் சகோதரனின் குறிப்புகளோடு வரும் பாத்திரத்தின் பெயரும் ஹியூ. படம் இந்த விஞ்ஞானத்துக்கு ஒதுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஒரு புத்தகத்தைப் புரட்டி, பாதி புரிந்து, பாதி தப்பாகப் புரிந்து, பயந்த மனிதர்கள் பேசும் பேச்சு. அந்த அரைகுறைத்தன்மை சரியான அளவு. கரும்பலகை வைத்து யாராவது விளக்கியிருந்தால் படம் அங்கேயே விழுந்திருக்கும்.

அடுத்துப் பேச வேண்டியது படத்தில் வரும் ஒரு பெட்டி. உள்ளே எட்டுப் பேரின் புகைப்படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண், கூடவே ஒரு பிங்-பாங் மட்டை. அமீரின் படம் அன்றிரவே, அவன் உடுத்தியிருக்கும் அதே உடையில் எடுத்தது. என்னவென்று புரியாமல் விழித்தவர்கள், தங்களை அடையாளம் வைத்துக்கொள்ள வேறு வழியில்லாமல் அதையே செய்கிறார்கள். பகடை உருட்டிப் படங்களின் பின்னால் எண் எழுதுகிறார்கள், கைக்குக் கிடைத்த ஒரு பொருளை உடன் வைக்கிறார்கள். இங்கிருந்துதான் ரசிகர்கள் தாளும் பென்சிலும் எடுக்கிறார்கள். ஒருவர் வைத்த பொருள் மட்டை, இன்னொருவர் நினைவில் அது ஸ்டேப்ளர். ஹியூவின் நெற்றிக் காயத்தில் ஒரு சமயம் பிளாஸ்திரி, இன்னொரு சமயம் துணிக்கட்டு. நடுநடுவே திரை சட்டென்று கருத்துப்போகும் வெட்டுகளைக்கூடச் சிலர் உலகம் மாறும் இடங்களாக எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரே சோபாவில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள்தானா என்று படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கிறார்கள். 89 நிமிடப் படத்துக்கு இத்தனை நேரம் செலவழிக்கும் பார்வையாளர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்.

வரைபடம் போட்டு முடித்தவர்களுக்குள்ளும் உடன்பாடு இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. விடையில்லாப் புதிர் ஏமாற்று வேலை என்பது அவர்கள் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் ஓர் இருண்ட இடம் இருக்கிறது. அதைக் கடக்கும் யாரும் புறப்பட்ட வீட்டுக்குத் திரும்புவதற்கு உத்தரவாதம் இல்லை. இதைப் படம் பாதியிலேயே சொல்லிவிடுகிறது. எண்ணை எழுதப் பகடையை உருட்டியவர்களே பகடையாக உருட்டப்படுகிறார்கள். கணக்கு தீராது என்று அறிவித்துவிட்டுத்தான் படம் நம் கையில் கணக்கைக் கொடுக்கிறது.

இன்னொரு குரல் எல்லாப் பார்வையாளர்களிடமிருந்தும் வரும். ஏன் இவர்கள் வெளியே போய்த் தொலைகிறார்கள், பேசாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாதா? திகில் படம் பார்க்கும் எவரும் கேட்கும் கேள்விதான். அதற்கு இந்தப் படம் வைத்திருக்கும் பதில் இதன் மிக அழகிய வேலை. கடைசிப் பகுதியில் எம் என்ற பெண் வீடுவீடாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகிறாள். சண்டை நடக்கும் வீடுகள், இருண்ட வீடுகள். ஒரு வீட்டில் மட்டும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே யாரும் வெளியே போகவே இல்லை. நாம் சொன்ன யோசனையைக் கேட்டு நடந்த வீடு அது. அப்படியொரு வீடு இருந்தே தீர வேண்டும் என்பது படத்தின் சொந்த விதி. பார்வையாளரின் ஆட்சேபத்தையே எடுத்துக் கதையின் முடிவுக்கு மூலப்பொருளாக்கியிருக்கிறார்கள்.

எமிலி ஃபாக்ஸ்லர் நடித்த இந்த எம், விருந்தின்போது ஒரு பழைய கதை சொல்வாள். அவள் நடனக்காரி. ஒரு நிகழ்ச்சியில் முதன்மை ஆட்டக்காரியால் ஆட முடியாமல் போனால் மேடையேறும் மாற்று இடம் அவளுக்கு வந்தது. தயங்கினாள். அந்த இடத்தை எடுத்துக்கொண்ட இன்னொருத்தி மேடையேறிப் புகழ்பெற்றாள். காதலன் கெவின் வியட்நாமுக்கு உடன் வரச் சொன்னபோதும் இவள் தயங்கியே நின்றாள். முதல்முறை பார்க்கையில் இது மேசைப் பேச்சை நிரப்பும் கதை. முடிவு தெரிந்தபின் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் கனக்கிறது. மகிழ்ச்சியான அந்த வீட்டைப் பார்த்ததும் எம் தயங்கவில்லை. அங்கே இருக்கும் எம்மை வெளியே வரவழைத்து, மயக்கி, காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு அவள் இடத்தில் போய் நிற்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கணமும் தாமதிக்காமல் அவள் செய்யும் காரியம் இதுதான்.

எம்மைக் கொடியவள் என்போரும் பாவம் என்போரும் சமமாகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் முழுச் சம்மதமில்லை. அந்த இரவு முழுக்க மற்ற வீட்டுக்காரர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று நினைத்தோமே, ஆபத்தானவர்கள் நாமாக இருந்தால் என்று மைக் நடுவில் கேட்பான். குடியை விட்டிருந்த மைக் மீண்டும் குடிக்கும் கட்டம் அது. எல்லோரும் அவனைக் கவனித்தார்கள். கூட்டத்திலேயே நல்லவளாகத் தெரிந்த பெண்ணை யாரும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கெவினின் கைபேசி ஒலிக்கிறது. எம் அவன் எதிரிலேயே நிற்கிறாள். அழைப்பு எம்மிடமிருந்து. பின்பெட்டியிலிருந்து எழுந்து வந்தவளா, வேறு ஏதோ வீட்டிலிருந்து வழிதவறியவளா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இந்த அழைப்பே வேண்டாம், எம் காலையில் கண்விழித்த இடத்திலேயே படத்தை முடித்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் உடன்படமாட்டேன். மகிழ்ச்சியான அந்த வீட்டின் எம் எந்தத் தவறும் செய்யாதவள். வெளியே வரவழைக்கப்படும்வரை அன்றிரவு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. அவள் தரப்பு என்று படத்தில் இருப்பது அந்த ஓர் அழைப்பு மட்டுமே. அதையும் எடுத்துவிட்டால் இயக்குநரும் அவள் இடத்தைப் பறித்தவராகிவிடுவார்.