முதல் கொட்டகை வழக்கு

பழைய தியேட்டர் ஒன்றைப் பூட்டினாலோ இடித்தாலோ, அடுத்த வாரமே அதைக் கட்டியவருக்கு ஒரு புகழஞ்சலி வந்துவிடுகிறது. கோவைப் பக்கம் என்றால் அது சாமிக்கண்ணு வின்சென்ட்டைத் தொடாமல் போகாது. பொன்மலை ரயில்வேயில் வேலை, 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய படக்கருவி, ஊர் ஊராக டென்ட், 1914-ல் வெரைட்டி ஹால், பின்னாளில் அதுவே டிலைட். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கட்டுரையாளர் பட்டத்தைச் சூட்டிவிடுவார்: தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கைக் கட்டியவர்.

இந்தக் கட்டுரைகளால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். நடிகர்களையும் இயக்குநர்களையும் தவிர வேறு யாரையும் கண்டுகொள்ளாத நம் சினிமா வரலாற்றில், டிக்கெட் விற்றவருக்கும் ஓர் இடம் கிடைத்தது இவற்றால்தான். சினிமா வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் ஆவணங்களில் தேடி எடுத்ததைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தவையும் இவையே. என் பாராட்டு இதோடு சரி.

அந்த 'முதல்' என்ற பட்டத்தைப் பாருங்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலக்ட்ரிக் தியேட்டரை 1913-லேயே திறந்துவிட்டார். இன்றைய அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆகவே 'இந்தியர் கட்டிய' என்று ஓர் அடைமொழி சேர்கிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் ரகுபதி வெங்கையா சென்னையில் கெயிட்டியைக் கட்டினார். ஆகவே 'சென்னைக்கு வெளியே' என்று இன்னொன்று. கல்கத்தாவில் ஜே.எஃப். மதன் 1907-லேயே எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸை நடத்தியதால்தான் 'தென்னிந்திய' என்பதும் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை முட்டுக் கொடுத்து நிறுத்திய பட்டத்தால் வின்சென்ட்டுக்கு என்ன பெருமை? தெலுங்கர்கள் வெங்கையாவைத் தங்கள் சினிமாவின் தந்தை என்கிறார்கள், அரசே அவர் பெயரில் விருது தருகிறது. அவருடைய கெயிட்டியும் கிரவுனும் குளோபும் இருந்ததோ சென்னையில். ஆளுக்கொரு பிதாமகரை எடுத்துக்கொண்டோம், கணக்கு முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் நான் பல காலமாகச் சொல்லிவருவது. இந்த முந்திக்கொள்ளும் போட்டி, அந்த மனிதர் எப்படித் தொழில் செய்தார் என்பதையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

1905-ஐ எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 25 ரூபாய், கருவியும் படச்சுருள்களும் 2,000 ரூபாய்க்கு மேல் என்று இந்தக் கட்டுரைகளே எழுதுகின்றன. சாப்பிடாமல், உடுத்தாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய ஏழு ஆண்டுச் சம்பளம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கடனா, நிலமா, நகையா, உறவினர் கொடுத்ததா? ஒரு தொழிலதிபரின் வாழ்க்கையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. "துணிச்சலாக வாங்கினார்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள்.

டென்ட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததற்கும் அதே துணிச்சல்தான் காரணமாம். அந்நாளில் படம் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்காது, அடிக் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படச்சுருள் கையில் இருக்கிறது. ஒரு ஊரில் சில நாள் காட்டினால், பார்க்க விருப்பமும் காசும் உள்ளவர்கள் பார்த்து முடித்துவிடுவார்கள். புதுப் படம் வாங்கப் பணமில்லை என்றால் புதுக் கூட்டத்தைத் தேடி ரயில் ஏற வேண்டியதுதான். கையால் சுற்றும் கருவி, திரை, கூடாரத் துணி, திரையருகே நின்று கதை சொல்ல ஓர் ஆள்: இவ்வளவும் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவர் இந்தத் தொழிலுக்கு வந்ததில் வியக்க என்ன இருக்கிறது? அவருக்குத் தெரிந்த உலகமே அதுதான்.

பிறகு ஏன் ஒரே ஊரில் தங்கினார்? பிரான்சின் பாத்தே நிறுவனம் 1907-ல் படங்களை விற்பதை விட்டு வாடகைக்கு விடும் முறைக்கு மாறத் தொடங்கியது. மெல்ல மெல்ல இங்கும், மதன் போன்ற பெரிய கைகள் வழியாக, வாடகைப் படங்கள் புழக்கத்துக்கு வந்தன. அதுவரை படம் மாறாது, கூட்டம் மாற வேண்டும். இனிக் கூட்டம் அங்கேயே இருக்கலாம், படத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்போதுதான் செங்கல் வைத்துக் கட்டுவது கட்டுபடியாகிறது. 1913, 1914 என்று சென்னையிலும் கோவையிலும் ஒருவர் பின் ஒருவராகத் தியேட்டர் கட்டியதற்குத் தனிமனிதரின் தொலைநோக்கைவிட இந்த வியாபார மாற்றம் பெரிய காரணம். யார் சில மாதம் முந்தினார் என்று தேதியைத் துருவுகிறவர்களுக்கு, ஏன் எல்லாரும் சேர்ந்தாற்போல் இறங்கினார்கள் என்ற கேள்வியே எழவில்லை.

மின்சாரமும் அப்படித்தான். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது 1930-களில். அதற்கு முன் தியேட்டர்காரர் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வின்சென்ட் மின்விசையில் ஓடும் அச்சகம் வைத்திருந்தார், மில்லும் நடத்தினார் என்று எழுதுகிறார்கள், வழக்கம்போல் "கோவையின் முதல்" என்ற முத்திரையோடு. காட்சி ஓடுவது மாலையிலும் இரவிலும். பகலெல்லாம் எஞ்சின் சும்மா கிடந்தால் அது தின்னும் முதலீட்டுக்கு யார் பதில் சொல்வது? அச்சகம் இருந்தால் படத்துக்கு நோட்டீசும் அடித்துக்கொள்ளலாம். தியேட்டர், எஞ்சின், அச்சு, மில் எல்லாம் சேர்ந்து ஒரே தொழிலாகத்தான் எனக்குத் தெரிகிறது. புகழஞ்சலியிலோ அவை நான்கு தனித்தனிப் பதக்கங்களாகத் தொங்குகின்றன.

குடும்பம் என்ற இடத்தில் இந்த எழுத்து இன்னும் மோசம். வின்சென்ட் 1942-ல் மறைந்தார். கொட்டகை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஓடியது. புகழஞ்சலியில் இந்தக் காலம் முழுவதற்கும் "வாரிசுகள் கட்டிக்காத்தனர்" என்ற ஒரு வாக்கியம். எதிலிருந்து காத்தார்கள்? 1939-ல் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. 1955-ல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, சி ஃபார்ம் லைசென்ஸ் இல்லாமல் கதவைத் திறக்க முடியாது என்றானது. விநியோகஸ்தரிடம் மினிமம் கேரண்டியா பர்சென்டேஜா என்று ஒவ்வொரு படத்துக்கும் பேரம். நகரத்தின் நடுவில் இருக்கும் மனையின் விலை ஏற ஏற, டிக்கெட் விற்பதைவிட இடத்தை விற்பதே லாபம் என்ற நிலை. பங்காளிகளுக்குள் பாகம் பிரிப்பது தனிக் கதை. நூற்றுக்கு மேற்பட்ட தியேட்டர்களைக் கையில் வைத்திருந்த மதன் குடும்பம், தந்தை 1923-ல் போன பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அப்படியிருக்க, கோவையில் ஒரு கொட்டகை எப்படி நின்றது என்பதில்தான் செய்தி இருக்கிறது. திறப்பு விழா ஒரு நாள் கூத்து.

தரவு கிடைக்கவில்லையே என்பார்கள். ஓரளவு உண்மைதான், வீடுகளில் இருந்த கணக்குப் புத்தகங்கள் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். ஆனால் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-ல் ஒரு குழு சினிமாவைப் பற்றி நாடெங்கும் போய் விசாரித்து, தியேட்டர்காரர்கள் உட்பட எத்தனையோ பேர் சொன்னதைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வைத்திருக்கிறது. வாடகை, வரி, மதனின் ஏகபோகம் எல்லாம் அதில் பேசப்படுகின்றன. புகழஞ்சலி எழுதுகிறவர்களில் அதைப் புரட்டியவர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை. ஒருவர் எழுதிய தேதியை இன்னொருவர் எடுத்துக்கொள்வதற்கு ரங்காச்சாரியார் எதற்கு?

அவர் படம் எடுத்த கதையையும் இப்படித்தான் எழுதுகிறார்கள். 1933-ல் வின்சென்ட், கல்கத்தா பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' எடுத்தார். பின்னர் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவிலும் பங்கேற்றார். இதைக் கலை ஆர்வத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஊமைப் படத்துக்கு மொழி கிடையாது, எங்கிருந்து வந்த சுருளையும் கோவையில் ஓட்டலாம். பேசும்படம் வந்ததும் அந்தச் சந்தை மொழிவாரியாகத் துண்டாகிவிட்டது. கோவைக் கொட்டகையின் நாற்காலி நிரம்பத் தமிழ்ப் படம் வேண்டும், தமிழ்ப் படமோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வந்துகொண்டிருந்தது. வாரம் தவறாமல் திரையை நிரப்பியாக வேண்டிய கொட்டகைக்காரர் வேறு என்னதான் செய்வார்?